பச்சையாகவே இருந்த பொடி

பச்சையாகவே இருந்த ஒரு பொடியைச் சிவந்தது என்று சொன்னேன். ஏறத்தாழ நாற்பது வருடங்களுக்கு முன், எங்கள் கல்லூரியின் வேதியியல் துறையில், என் பேராசிரியரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன். வாய் தவறிச் சொன்னதல்ல, கண் ஏமாற்றியதும் அல்ல. என்னோடு வேலை பார்த்த அருளப்பன் கண்டறிந்தது பொய்யாகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சொன்னேன்.

துறையின் மலருக்கு என் பணிக்கால அனுபவங்களை எழுதித் தரும்படி இப்போதைய உதவிப் பேராசிரியர் ஜெபிஷா கேட்டார். முதலில் எழுதிக் கொடுத்த கட்டுரையில் ஆய்வகம் கட்டிய கதை, மழைக்காலத்தில் தராசுகள் படுத்திய பாடு, மாணவர்கள் செய்த வேடிக்கைகள் எல்லாம் இருந்தன. இது மட்டும் இல்லை. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு இதை எழுதியிருக்கிறேன்.

நான் தோவாளைக்காரன். வயலும் கொஞ்சம் பிச்சிப்பூத் தோட்டமும் உள்ள வீடு. படித்துமுடித்து அதே கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். என்னைவிட இரண்டு வயது இளையவரான அருளப்பன் குளச்சல்காரர், கடலுக்குப் போகும் குடும்பம். அவர் தற்காலிகப் பணியில் இருந்தபடியே ஆய்வுப் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தார். இரண்டு பேருக்கும் மேலே பேராசிரியர் மாதேவன் சார்.

அப்போது துறையே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. உலோக அணு ஒன்றை வேறு மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துக்கொண்டால் அதை அணைவுச் சேர்மம் என்கிறோம். பிடிக்கிற மூலக்கூறுக்கு ஈனி என்று பெயர். ஒரு ஈனி உலோகத்தை ஓரிடத்தில் பிடிக்கிறதா, இரண்டு இடத்திலா, மூன்றிலா என்பதே கேள்வி. மாதேவன் சார் பாடப்புத்தகச் சொல் எதையும் பயன்படுத்த மாட்டார். வடிதாளில் ஒட்டியிருக்கும் படிகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “எத்தன கைடே?” என்பார். அவ்வளவுதான்.

இன்று நல்ல படிகம் ஒன்றை எக்ஸ்-கதிர்க் கருவிக்கு அனுப்பினால், எந்த அணு எதைப் பிடித்திருக்கிறது என்று படமாகவே வந்துவிடுகிறது. எங்களுக்கு நிறமும் எடையும் காந்தமும்தான் கதி. அதிலும் காந்த அளவீட்டுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் மாதேவன் சார் ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் கண்ட எந்த எண்ணையும் இன்னொருவர் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அச்சுக்குப் போகும். “நீ நல்லவந்தான், தராசுக்கு அது தெரியாதுல்லா?” என்பார்.

அவர் யாரையும் பாராட்டியதில்லை. திட்டியதும் இல்லை. நாம் கொண்டுபோகும் எண்ணைப் பார்த்துவிட்டு, “இன்னொரு மட்டம் செஞ்சு பாரும்” என்பார். நான் எதைக் கொண்டுபோனாலும் அதுதான் பதில். அருளப்பன் கொண்டுபோனால் மட்டும் ஒரு முறைக்கு இரு முறை படிப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உக்காரும்” என்று எதிர் நாற்காலியைக் காட்டுவார். பதினோரு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னதில்லை.

அருளப்பனின் கை அப்படி. ஒரே புட்டியிலிருந்து ஒரே மருந்தை எடுத்து நானும் அவரும் செய்வோம். என் பீக்கரில் சேறு வந்து படியும். அவர் கண்ணாடிக் குச்சியால் பீக்கரின் உள்சுவரை மெல்ல இரண்டு கீறல் கீறுவார், ஏதோ கோயில் பாட்டை முனகுவார், ஊசி ஊசியாகப் படிகம் இறங்கும். நானும் அதே மாதிரி கீறிப் பார்த்திருக்கிறேன். அவர் இல்லாத நேரத்தில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பாட்டைக்கூட முனகிப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் எல்லோர் முன்னாலும், “என்ன ஓய், ஆய்வகமே மீன் நாத்தம் நாறுகு” என்றேன். வேதிப்பொருள்களின் நாற்றத்தில் மீன் எங்கே தெரியும்? வேண்டுமென்றுதான் சொன்னேன்.

அவர் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். “நேத்து நெத்திலி ஓய். நல்ல மூக்குதான் உமக்கு. நாளைக்கு உமக்கும் கொஞ்சம் கொண்டாரட்டா?”

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் வாழையிலையில் பொதிந்து கொண்டுவரவும் செய்தார். நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது.

இனி அந்தச் சேர்மம். அருளப்பன் ஒரு புதிய ஈனியைச் செய்து நிக்கலோடு சேர்த்திருந்தார். ஒரு நிக்கலுக்கு இரண்டு ஈனிகள். ஒவ்வொரு ஈனியிலும் பிடிக்கத் தோதான இடங்கள் மூன்று. அதில் இரண்டு நிச்சயம் பிடிக்கும். மூன்றாவது, ஒரு வால் போல நீட்டிக்கொண்டிருக்கும் நைட்ரஜன். அது பிடிக்கிறதா, சும்மா தொங்குகிறதா?

இந்த வகைச் சேர்மங்களில் நிக்கலை மொத்தம் நான்கு கைகள் பிடித்தால் சிவப்பாக இருக்கும், காந்தம் இழுக்காது. ஆறு கைகள் பிடித்தால் பச்சையாக இருக்கும், காந்தம் இழுக்கும். அருளப்பனுடையது அருமையான பச்சை. வெளியூரிலிருந்து காந்த அளவும் வந்துவிட்டது, இழுத்தது. அப்படியானால் ஆறு கை. இரண்டு ஈனிக்கும் மும்மூன்று என்றார் அருளப்பன்.

மாதேவன் சார் கேட்டார், “ரெண்டு ரெண்டு கையா நாலு போக, மிச்சம் ரெண்டையும் தண்ணி பிடிச்சிருந்தா?”

நியாயமான கேள்வி. இரண்டு நீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொண்டாலும் ஆறு ஆகிவிடும். நம் ஊர்க் காற்றில் தண்ணீருக்கா பஞ்சம்? கண்டுபிடிக்க வழி உண்டு. பொடியை எடை போட்டு, நூற்றுப்பத்து டிகிரியில் சூடாக்கி, ஈரம் படாமல் ஆறவைத்து, மறுபடி எடை போட வேண்டும். தண்ணீர் பிடித்திருந்தால் ஏழரை சதவிகித எடை குறையும், இரண்டு கை போய்விட்டதால் பொடி சிவக்கும். ஈனியே மூன்று கையாலும் பிடித்திருந்தால் எடையும் குறையாது, பச்சையும் மாறாது. அருளப்பன் செய்து பார்த்தார். குறையவில்லை, மாறவில்லை. அது உறுதியானால் அவருடைய ஆய்வேட்டின் முக்கிய அத்தியாயம் நின்றுவிடும். பட்டம் கிடைத்தால் கல்லூரியில் நிரந்தர வேலைக்கும் வழி பிறக்கும்.

விதிப்படி இன்னொரு கை வேண்டும். மாதேவன் சார் அந்தப் பொடியை என்னிடம் கொடுத்தார்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரம். பொடியை டெசிகேட்டருக்குள் வைத்தேன். ஈரம் ஏறாமல் இருக்க அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் சிலிக்கா ஜெல் மணிகள் கிடக்கும். மணிகள் காய்ந்திருந்தால் நீலம். ஈரம் குடித்துக் குடித்து இனி முடியாது என்றானதும் இளஞ்சிவப்பாகிவிடும். அவற்றில் ஏற்றியிருக்கும் கோபால்ட்டைத் தண்ணீர் வந்து பிடிப்பதால் வரும் மாற்றம் அது. அதாவது நாங்கள் தேடிக்கொண்டிருந்த அதே கணக்கு.

மூன்று தடவை செய்தேன். முதல் தடவை நான்கு சதவிகிதம் குறைந்தது. இரண்டாம் தடவை ஒன்பதுக்கு மேல். மூன்றாம் தடவை ஏழரையை ஒட்டி வந்தது. உலோகத்தோடு சேர்ந்த தண்ணீராக இருந்தால் மூன்று தடவையும் ஒரே எண் வந்திருக்க வேண்டும். இப்படித் தாறுமாறாக வருவது மேலே ஏறிய காற்று ஈரம். டெசிகேட்டரைப் பார்த்தேன். மணிகள் முழுக்க இளஞ்சிவப்பு. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. முதல் ஆண்டு மாணவன் செய்யும் பிழை.

மணிகளை ஓவனில் வறுத்து நீலமாக்கினேன். பொடியை நன்றாகக் காயவிட்டு நான்காம் தடவை எடை போட்டேன். ஒரு மணி நேரம் சூடு, அரை மணி நேரம் ஆறல், எடை. மறுபடி ஒரு மணி நேரம், மறுபடி எடை. நான்காவது தசமத்தில்கூட அசைவில்லை. புட்டிக்குள் பொடி அப்போதுதான் வயலிலிருந்து பறித்தது போலப் பச்சையாக இருந்தது.

மூன்று கைதான். அருளப்பன் சரி.

தராசு அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. நாளை இதைக் கொண்டுபோனால் அவர் அதில் உட்காருவார், நான் நின்றுகொண்டு, ஆமாம் சார், அவர் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நான்காம் தடவையின் எண்களை எழுதிய தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மூன்றாம் தடவையின் எண்களை மட்டும் சுத்தமாகப் படியெடுத்தேன்.

மறுநாள் மாதேவன் சார் அதை நெடுநேரம் பார்த்தார். அருளப்பனும் பக்கத்தில் நின்றார். நிறம் என்ற பத்தியை நான் காலியாக விட்டிருந்தேன். அதுவரை பொய் சொல்லவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள அது உதவியது.

“எடை சரி. நெறம்?”

“லேசா செவந்துது, சார்.”

அருளப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “செவந்துதா? என்ன ஓய் சொல்லுகீரு?”

“செவந்துது.”

“சார், எனக்கு ஒட்டும் மாறல்ல. நூத்துப்பத்துல ரெண்டு மணிக்கூர் வச்சேன்.”

மாதேவன் சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கெட்டிக்காரன் அல்ல என்பது அவருக்குத் தெரியும். கெட்டிக்காரத்தனம் இல்லாதவனிடம் பொய்யும் இருக்காது என்று நினைத்திருப்பார். “ரெண்டு கையும் ஒத்துவரல்ல. இத எழுத முடியாது அருளப்பா” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

வெளியே வராந்தாவில் அருளப்பன் என்னைப் பிடித்து நிறுத்தினார். “மிச்சம் பொடி இருக்கா ஓய்? எனக்கிட்ட இருந்தது தீந்துபோச்சு. ஒரு மட்டம் நாம ரெண்டுபேரும் சேந்து பாத்திரலாம்.”

“இல்ல. எல்லாத்தையும் சூடாக்கிட்டுக் கொட்டியாச்சு” என்றேன். பொடி என் மேசை இழுப்பறையில் இருந்தது.

ஈனி செய்யத் தேவையான மூலப்பொருளும் துறையில் தீர்ந்திருந்தது. அடுத்த வருடம்தான் வரும். அதற்குள் அருளப்பனின் தற்காலிகப் பணி முடிந்தது, ஆய்வேடு அப்படியே நின்றது. வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் மேசை காலியான அன்று எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எதிர் நாற்காலியும் எனக்குக் கிடைக்கவில்லை.

மாதேவன் சார் ஓய்வுபெற்ற நாளில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து கேட்டார், “அருளப்பன் இல்லாதத எழுதுகவன் இல்லியேடே. எங்க பிசகினான்?” சணலைப் பிடித்துக்கொண்டிருந்த நான் முடிச்சை இறுக்கினேன். அடுத்த வருடம் அவர் காலமானார்.

போன வருடம் ஜெபிஷா வீட்டுக்கு வந்தார். துறையின் பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, கைவிடப்பட்ட சேர்மங்கள் சிலவற்றைத் திரும்பச் செய்துகொண்டிருந்தாராம். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நடுவில் நிக்கல். இரண்டு பக்கமும் இரண்டு ஈனிகள், ஒவ்வொன்றும் மும்மூன்று இடத்தில் பிடித்திருந்தன. தண்ணீர் எங்கும் இல்லை.

“சார், இதுக்கு எடை ஏழரை சதவிகிதம் கொறஞ்சுதுன்னு ஒங்க கையெழுத்துல இருக்கு. அந்தக் காலத்துல கருவி இல்லல்லா, தப்பு வரத்தான் செய்யும்” என்றார். எனக்காக வருத்தப்பட்டார்.

“தப்பு இல்லம்மா, பொய்” என்றேன். அன்றே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு துறை ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டிவைத்தும் சொன்னேன்.

குளச்சலில் அருளப்பனின் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. அவர் வளைகுடாவிலிருந்து ஊருக்குத் திரும்பிப் பல வருடம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி லில்லி.

“ஆரு?”

“சிவதாணு. காலேஜ்ல அவருகூட வேலை பாத்தவன்.”

அந்த அம்மாள் வாசலை விட்டு நகரவில்லை. “செவந்துதுன்னு சொன்ன ஆளா?”

உள்ளிருந்து குரல் வந்தது. “லில்லி, உள்ள விடு. வயசான மனுசன் வெயில்ல நிக்காரு.”

நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை அருளப்பன் குறுக்கிடவில்லை. பிறகு சொன்னார், “எனக்குத் தெரியும் ஓய். வடிதாள்ல ஒரு நுள்ளு ஒட்டியிருந்துது. வீட்டுல கொண்டுவந்து சட்டியில வச்சு வறுத்துப் பாத்தேன். பச்சை பச்சையாட்டேதான் இருந்துது.”

“அப்பம் ஏன் வந்து சொல்லல்ல?”

“ஆருகிட்ட? மீன் சட்டியில வறுத்தேன்னு மாதேவன் சாருகிட்டயா?” என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. “வேலையெல்லாம் போவட்டு. அங்க நல்லாத்தான் இருந்தேன். பிள்ளையளும் படிச்சிட்டு. சாரு பொறவு எப்பமாவது என்னப் பத்திக் கேட்டாரா?”

சொல்லாமல் வந்திருக்கலாம். மாதேவன் சார் கேட்ட கேள்வியையும், நான் பதில் சொல்லாததையும் சொன்னேன்.

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பிசகினேன்னு நெனச்சிட்டே போயிட்டாரு” என்றார். “இத நீரு எப்பிடித் தீப்பீரு ஓய்?”

அந்தச் சேர்மத்தைப் பற்றி ஜெபிஷா எழுதும் கட்டுரையில் அவர் பெயரை முதலாவதாகப் போடுவதாகச் சொன்னேன். லில்லி அம்மாள், “இப்பம் எதுக்கு, கல்லறையில வெட்டி வைக்கதுக்கா?” என்றார்.

அருளப்பன் கையமர்த்தினார். “தானமாட்டு பேரு வேண்டாம். எனக்க நோட்டெல்லாம் வீடு மாறினப்பம் போச்சு. நான் வந்து ஒரு மட்டம் செய்யுகேன். வந்துதுன்னா போடட்டு.”

வந்தார். குளச்சலிலிருந்து மூன்று நாள் காலை பஸ்ஸில் வந்து மாலை திரும்பிப் போனார். எழுபதை நெருங்கிய கைக்குப் பழைய பலம் இல்லை. புட்டி மூடிகளை ஜெபிஷா திறந்து கொடுத்தார். இரண்டாம் நாள் காலை, கண்ணாடிக் குச்சியால் பீக்கரின் உள்சுவரை இரண்டு கீறல் கீறினார். ஆசிரியர்கள் சுற்றி நின்றார்கள். ஜெபிஷாவுக்குப் படிகம் இறங்க ஒரு வாரம் ஆகியிருந்தது. இவருக்கு மதியச் சாப்பாட்டு மணி அடிக்குமுன் பச்சை ஊசிகள் இறங்கத் தொடங்கின. யாரோ கைதட்டினார்கள்.

நான் பிராயச்சித்தம் செய்ய வந்தவன். என் ஏற்பாட்டில்தான் அவர் அங்கே நின்றார். அந்தப் பீக்கரைப் பார்த்தபோது எனக்குள் கிளம்பியது முப்பது வயதில் கிளம்பிய அதே பொறாமைதான், ஒரு துளியும் குறையாமல். இந்தத் தடவை மறைக்க வேண்டாம் என்று தோன்றியது.

“எனக்கு இப்பமும் பொறாமையாத்தான் இருக்கு ஓய்” என்றேன்.

“இருக்கட்டு” என்றார் பீக்கரிலிருந்து கண்ணை எடுக்காமல். “வயசான காலத்துல ஒரு பிடிப்பு வேண்டாமா?”

மதியம் கேன்டீனில் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவர் பொரித்த மீனில் பாதியை என் இலையில் வைத்தார். எல்லாம் தீர்ந்தது என்றே நினைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், காய்ந்து பொடியான படிகத்தை எடை போட வேண்டும். அருளப்பன் போட்டார். எடை குறையவில்லை. அடுத்து இன்னொரு கை. அவர் எடைப் புட்டியை இடுக்கியில் பிடித்தபடி திரும்பினார். பக்கத்தில் நின்ற நான் கையை நீட்டினேன். புட்டி என்னைத் தாண்டி ஜெபிஷாவிடம் போனது.

“நீங்க போடுங்கம்மா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார், “நீரு கொஞ்சம் வெளிய நிக்கணும் ஓய். ஒண்ணும் நெனச்சுக்கிடப்படாது.”

வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே பேச்சுச் சத்தம், பிறகு சிரிப்பு. எடை மாறவில்லை என்பதை ஜெபிஷாதான் வந்து சொன்னார். அருளப்பன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பின்வாசல் வழியாகப் போயிருந்தார்.

கட்டுரை இந்த வருடம் அச்சில் வந்தது. முதல் பெயர் அருளப்பன், இரண்டாவது ஜெபிஷா. இந்தச் சேர்மம் அன்று கைவிடப்பட்டதற்குக் காரணம் நான் கொடுத்த பொய்த் தகவல் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தேன். அருளப்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். “நல்ல கட்டுரைல அவரு எதுக்கு?” என்று கேட்டாராம். அதனால் அதை இங்கே எழுதுகிறேன்.

ஜெபிஷா தந்த பிரதியை வீட்டில் விரித்துப் பார்த்தேன். படத்தையோ எண்களையோ நான் முதலில் பார்க்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய், நன்றி சொல்லியிருக்கும் இடத்தில் என் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். மருந்து எடுத்துக் கொடுத்த ஆய்வக உதவியாளரின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.